ஜீப்பின் ஜாதகம்
பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

மனிதர் ஒருவரின் பெயரும் ஊரும் தெரிய வேண்டுமானால் அவரையே கேட்டுவிடலாம். ஆனால் இரும்பாலான ஒரு வண்டியிடம் "நீ எங்கே பிறந்தாய்? எப்போது பிறந்தாய்? எந்தச் சேனையில் பணி செய்தாய்?" என்று கேட்டால் அது வாய் திறக்குமா? திறக்காது. எனினும் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது விடை சொல்லும். அதன் சட்டத்தில் பொறித்த எண்ணும், போல்ட்டின் தலையிலுள்ள ஓர் எழுத்தும், உரிந்த பெயின்டின் அடியிலுள்ள இன்னொரு பெயின்டும் அதன் மொழியாகும்.

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தாருக்கு இது புதிய கலை அன்று. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு ஜெர்மானியரான ஜாகர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் பல ஆண்டுகள் தோண்டினார். பேசாத தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் வைத்துக்கொண்டே பழங்கால மக்களின் வாழ்வை அறிஞர்கள் எழுதினார்கள். தாழிக்குப் பொருந்தும் முறை, ஒரு பழைய ராணுவ வண்டிக்கும் பொருந்தும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதற்காக ஆராய்ந்தோம்?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி கரை மீறியது. செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் எங்கள் ஊர் நிலையத்திலேயே நின்றுபோனது. வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் நெல்லையும் துணியையும் மட்டும் கெடுக்கவில்லை. பீரோவில் இருந்த காகிதங்களையும் கூழாக்கியது. பட்டா, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்று மக்கள் இழந்தவை பல.

அப்படிப் போனவற்றில் ஒன்று, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா வீட்டு ஜீப்பின் ஆர்.சி. புத்தகம். வாழைத்தோப்பின் ஓரத்திலுள்ள கொட்டகையில் நிற்கும் அந்த ஜீப், தாத்தாவின் தகப்பனார் போர் முடிந்தபின் ஏலத்தில் எடுத்ததாம். ஊரில் அதற்குப் 'பர்மா ஜீப்பு' என்று பெயர். வெள்ளத்துக்குப் பின் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எடைபோட்டு வாங்கிக்கொள்ள வந்து நின்றார். "பேப்பர் இல்லாத வண்டிய வச்சு என்ன செய்யப் போறீய?" என்பது அவர் கேள்வி. தாத்தாவோ, "எங்கய்யா ஓட்டுன வண்டி, தாயீ. இது இன்ன வண்டின்னு சொல்ல இரும்பே போதும். பாக்கத் தெரிஞ்ச ஆளுதான் வேணும்" என்று எங்களிடம் சொன்னார்கள்.

வரலாற்றுப் பாடத்துக்குச் செயல்திட்டம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. சிஸ்டரிடம் அனுமதி கேட்டோம். "கேள்விப்பட்டதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், கண்டதை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்" என்ற ஒரே நிபந்தனையுடன் சிஸ்டர் சம்மதித்தார்கள். நாங்கள் ஐந்து பேர், ஒரு நோட்டுப் புத்தகம், பட்டறை மெக்கானிக் அண்ணன் ஒருவர். இதுவே எங்கள் ஆராய்ச்சிக் குழு.

ஜீப் பிறந்த கதை

ஒரு வண்டியை அடையாளம் காண வேண்டுமானால் முதலில் அதன் குலத்தை அறிய வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டு, அமெரிக்க ராணுவம் கால் டன் பாரம் சுமக்கும் இலேசான வண்டி ஒன்று வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவர வேண்டும். குறித்த நாளுக்குள் மாதிரியைக் கொண்டுவந்தது பான்டம் என்ற சிறு நிறுவனம் மட்டுமே. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்த அந்த வண்டி, 1940 செப்டம்பர் 23 அன்று ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பான்டம் நிறுவனம் சிறியது. ராணுவத்துக்கோ லட்சக்கணக்கில் வண்டிகள் தேவைப்பட்டன. எனவே வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களும் சேர்க்கப்பட்டன. இறுதியில் வில்லிஸின் அமைப்பே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே அமைப்பில் ஃபோர்டும் செய்து கொடுத்தது. வில்லிஸ் செய்தது 'எம்.பி.' எனப்பட்டது, ஏறத்தாழ 3,60,000 வண்டிகள். ஃபோர்டு செய்தது 'ஜி.பி.டபிள்யூ.' எனப்பட்டது, ஏறத்தாழ 2,78,000 வண்டிகள். நீளம் 11 அடி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல், என்ஜின் 60 குதிரைச்சக்தி. இரு நிறுவனங்களின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. போர்க்களத்தில் உடைந்த இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஓடும் வண்டி ஒன்றை உண்டாக்க இதுவே வழி. பின்னால் வந்த நம்மைப் போன்றவர்களுக்குக் குழப்பம் உண்டானதும் இதனால்தான்!

'ஜீப்' என்ற பெயர் 'ஜெனரல் பர்ப்பஸ்' என்பதன் சுருக்கம் என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் ஃபோர்டின் குறியீட்டில் 'ஜி' என்பது அரசாங்கத்துக்கானது என்பதையும், 'பி' என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும், 'டபிள்யூ' என்பது வில்லிஸ் அமைப்பையும் குறித்தன. 1936இல் 'பாப்பாய்' சித்திரக் கதையில் 'ஜீப்' என்றொரு விந்தைப் பிராணி வந்தது. எங்கும் நுழைந்து வெளிவரும் அந்தப் பிராணியின் பெயரைப் படைவீரர்கள் வண்டிக்கு வைத்துவிட்டார்கள் என்று சொல்வாரும் உண்டு.

நம் நாட்டுக்கு வந்த விதம்

1941ஆம் ஆண்டு அமெரிக்கா 'லெண்ட் லீஸ்' என்னும் சட்டத்தை இயற்றி, நேச நாடுகளுக்குத் தளவாடங்களை வழங்கியது. அவ்வழியில் பிரிட்டிஷ் சேனைக்கும் இந்திய சேனைக்கும் ஜீப்கள் வந்தன. இம்பால், கோஹிமா, பர்மா ஆகிய போர்முனைகளில் 1944, 1945 ஆண்டுகளில் அவை சேற்றிலும் மலையிலும் ஓடின. காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலோடு சுமந்தன. பர்மாவில் டயர்களைக் கழற்றி ரயில் சக்கரங்களை மாட்டி, தண்டவாளத்தில் பெட்டிகளை இழுக்கவும் ஜீப்களைப் பயன்படுத்தினார்கள்.

1945இல் போர் முடிந்தது. மலைபோல் குவிந்து கிடந்த வண்டிகளை அரசாங்கத்தின் 'டிஸ்போசல்ஸ்' துறை விற்றுத் தள்ளியது. எஸ்டேட்காரர்கள், காண்டிராக்டர்கள், டாக்டர்கள், பண்ணையார்கள் என்று பலர் வாங்கினார்கள். 'டிஸ்போசல் ஜீப்' என்ற சொல் அப்போது பிறந்ததே.

சென்னைத் துறைமுகத்துக்கும் ஜீப்புக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1948இல் காஷ்மீர்ப் போர் நடந்தபோது, லண்டனிலிருந்த இந்திய ஹைகமிஷன் வழியாகப் பழைய ஜீப்களைப் புதுப்பித்து வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. சென்னைக்கு வந்து இறங்கிய 155 ஜீப்கள் உபயோகத்துக்கு ஏற்றவை அல்ல என்று ராணுவம் ஒதுக்கிவிட்டது. பாராளுமன்றத்தில் பெரும் விவாதம் நடந்தது. 1955இல் அரசாங்கம் அவ்விவகாரத்தை முடித்து வைத்தது. மேலே பெயின்ட் பூசிவிட்டால் பழைய வண்டி புதிதாகிவிடாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே கிடைக்கும் சான்று இது.

1949இல் பம்பாய் மஜகானில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்களை உறுப்புகளாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது. எனவே இன்று நம் ஊர்களில் காணும் பழைய ஜீப்களில் பெரும்பாலானவை போருக்குப் போனவை அல்ல; மஹிந்திரா செய்தவை. போர்க்கால ஜீப்பை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது எப்படி என்று இனிக் காண்போம்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்

முதலாவது, முகம். போர்க்கால ஜீப்பின் முன்பக்கக் கிரில்லில் ஒன்பது பிளவுகள் இருக்கும். போருக்குப் பின் பொதுமக்களுக்காகச் செய்தவற்றில் ஏழே இருக்கும். முன்விளக்குகளும் பெரிதாக இருக்கும். முதலில் வந்த சுமார் 25,000 வில்லிஸ் வண்டிகளில் மட்டும் தகடு அடித்த கிரில் இல்லை. இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பற்றவைத்திருந்தார்கள்.

இரண்டாவது, முன்விளக்கு. போர்க்கால ஜீப்பின் முன்விளக்கை மேலாகத் திருப்பி என்ஜினை நோக்கி வைக்கலாம். இருட்டில் டார்ச் இல்லாமல் பழுது பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. மெக்கானிக் அண்ணன் திருகைத் தளர்த்தி விளக்கைத் திருப்பிக் காட்டியபோது நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் வியந்தோம்.

மூன்றாவது, ஸ்டியரிங். போர்க்கால ஜீப்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் இடப்பக்கமே. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மஹிந்திரா ஜீப்களிலும் நெடுங்காலம் இடப்பக்க ஸ்டியரிங் இருந்தது. வண்டியின் பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதி ஓட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

நான்காவது, பக்கவாட்டில் மண்வெட்டியும் கோடரியும் மாட்டும் கொக்கிகள். எங்கள் ஜீப்பில் கொக்கிகள் இல்லை. அவை இருந்த துளைகளை யாரோ பற்றவைத்து அடைத்த தழும்பு மட்டும் இருந்தது. பின்பக்கத் தளத் தகடு முழுவதும் உள்ளூர் டிங்கர் வேலை.

ஐந்தாவது, பெயின்ட். பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தோம். மேலே நீலம், அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே மங்கிய பச்சை. பச்சையின் மேல் வெள்ளையில் 'எம்' என்ற எழுத்தும் சில எண்களின் துண்டுகளும் தெரிந்தன. அமெரிக்க சேனையின் ஜீப் எண்கள் '20' என்று தொடங்கும். பிரிட்டிஷ் சேனையிலோ வண்டியின் இனத்துக்கு ஓர் எழுத்து உண்டு: லாரிக்கு 'எல்', டாங்கிக்கு 'டி', ஜீப் உள்ளிட்ட கார் வகைக்கு 'எம்'. ஆகவே இந்த வண்டி அமெரிக்கர் கையிலிருந்து நேரே வந்ததன்று. பிரிட்டிஷ் சேனைக் கணக்கில் இருந்தது என்று அறிந்தோம்.

மறைந்திருக்கும் அடையாளங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் உடலில் உள்ளவை. உடலை மாற்றிவிடலாம். கிரில்லையும் பானெட்டையும் வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டி உறுப்புகள் குவிந்து கிடக்கும் என்பதும், வடக்கே மண்டி டப்வாலியில் பழைய உறுப்புகளைக் கொண்டே ஜீப் கட்டித் தருவார்கள் என்பதும் அண்ணன் சொல்லி அறிந்தவை. எனவே வண்டியின் ஆள் அடையாளம் அதன் சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தில்தான் இருக்கிறது. வீடு இடிந்தாலும் அஸ்திவாரம் ஊர்க்கணக்கைச் சொல்வது போல.

பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே, இரு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று உண்டு. அது உருண்டைக் குழாயாக இருந்தால் வண்டி வில்லிஸ். கவிழ்த்த பள்ளம்போல் சதுர வடிவமாக இருந்தால் ஃபோர்டு. தரையில் சாக்கு விரித்து ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். சதுரம்! சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஃபோர்டின் சட்டம்.

ஃபோர்டு நிறுவனம் தன் உறுப்புகளில் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்துவிடும். போல்ட்டின் தலையில்கூடப் பொறித்தது. தேடிப் பார்த்ததில் ஏழு போல்ட்டுகளில் அந்த எழுத்தைக் கண்டோம். மற்றவை கடையில் வாங்கிய புதிய போல்ட்டுகள்.

டேஷ்போர்டில் சாமான் பெட்டியின் மூடியில் மூன்று சிறு தகடுகள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றில் வண்டியின் எண்ணும், ராணுவத்துக்கு ஒப்படைத்த தேதியும் இருக்கும். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். '8-5-43' என்றிருந்தால் நமக்கு மே 8. அவர்களுக்கு ஆகஸ்ட் 5. எங்கள் ஜீப்பில் தகடுகள் இல்லை. திருகுத் துளைகள் மட்டுமே இருந்தன. புதிதாக அச்சடித்த தகடுகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. ஆதலால் தகடு இருந்தாலும் அதைச் சட்டத்தின் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும்.

எண் வெளிவந்தது

வில்லிஸ் வண்டியின் எண், இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில், பம்பருக்குப் பின்னால் ஒரு சிறு தகட்டில் இருக்கும். தகடு விழுந்தால் எண்ணும் போயிற்று. ஃபோர்டில் அப்படியன்று. இடப்பக்க நீளச் சட்டத்தின் மேல்முகத்தில், என்ஜின் தாங்கிக்குப் பக்கத்தில், இரும்பிலேயே குத்தியிருப்பார்கள்.

அந்த இடத்தில் எண்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும், அதன்மேல் வெள்ளத்து வண்டலும் படிந்திருந்தன. உளி, கம்பி பிரஷ் எதுவும் கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் அதன்மேல் போட்டு ஊறவைத்தோம். பிறகு மூங்கில் குச்சியால் சுரண்டினோம். கடைசியில் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்கும் 'சேஸிஸ் பிரிண்ட்' இப்படித்தான் எடுக்கிறார்கள். கோயில் சுவரிலுள்ள கல்வெட்டைத் தாளில் படியெடுக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. தாளில் முதலில் 'ஜி' தெரிந்தது, பிறகு 'பி', பிறகு 'டபிள்யூ', பிறகு ஆறு இலக்க எண் ஒன்று.

ஃபோர்டு 1942 தொடக்கத்திலிருந்து 1945 வரை ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணிட்டது. கடைசி எண் 2,78,000ஐ ஒட்டியது. எங்கள் எண் ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஆகவே வண்டி முதலில் வந்ததும் அன்று, கடைசியில் வந்ததும் அன்று, நடுக்காலத்தது. இம்பால் போருக்கு முன்பே பிறந்துவிட்ட வண்டியாக அது இருக்கக்கூடும். ஆனால் 'பர்மாவுக்குப் போயிற்று' என்பதைக் கேள்விப்பட்ட பக்கத்திலேயே எழுதினோம். 'பிரிட்டிஷ் சேனையில் இருந்த ஃபோர்டு' என்பதைக் கண்ட பக்கத்தில் எழுதினோம். சிஸ்டரின் நிபந்தனையின் அருமை அப்போது புரிந்தது.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. இந்தச் சட்டம்தான் தாத்தாவின் பெயரிலுள்ள வண்டி என்று காட்ட வேண்டுமே! பரணில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பிய தகரப் பெட்டியில், அறுபதுகளில் எடுத்த இன்சூரன்ஸ் தாள் ஒன்று கிடைத்தது. அதில் சேஸிஸ் எண் மையால் எழுதப்பட்டிருந்தது. ஐந்து இலக்கங்கள் அப்படியே பொருந்தின. ஒன்று மட்டும் 3ஆ 8ஆ என்று தெரியாமல் மை பரவியிருந்தது. எல்லோரும் மூச்சடக்கி நின்றோம். பென்சில் படியில் அந்த இடத்தில் இடப்பக்கம் திறந்த வளைவு இரண்டு தெளிவாக இருந்தன. 3 என்பதில் ஐயமில்லை. இன்சூரன்ஸ் தாளிலேயே மற்றோர் இடத்தில் அதே எண் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. அங்கே 3 என்று நன்றாகத் தெரிந்தது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். ஒன்றும் பேசவில்லை.

என்ஜின் சொன்ன வேறு கதை

அந்தத் தாளில் எண் ஏன் இரண்டு இடத்தில் இருந்தது? ஒன்று சேஸிஸ் எண். மற்றது என்ஜின் எண். ஃபோர்டு நிறுவனம் வண்டியின் சட்டத்துக்கும் என்ஜினுக்கும் ஒரே எண்ணைக் குத்துவது வழக்கம். வில்லிஸில் இரண்டும் வேறாக இருக்கும்.

உடனே என்ஜினைப் பார்த்தோம். வலப்பக்கத்தில், எண்ணெய் வடிகட்டிக்கு அருகே ஒரு சிறு மேட்டில் எண் இருக்கும். அதைத் துடைத்தபோது 'ஜி.பி.டபிள்யூ.' இல்லை, 'எம்.பி.' என்றிருந்தது! அதாவது, ஃபோர்டின் சட்டத்தில் வில்லிஸின் ராணுவ என்ஜின் உட்கார்ந்திருக்கிறது. எப்போது மாறியது? இன்சூரன்ஸ் தாள் எழுதிய காலத்தில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தபடியால், பிறந்தபோது இருந்த என்ஜின் அதுவரை மாறவில்லை. ஆகவே ராணுவப் பட்டறையில் மாறியதன்று. அதற்குப் பின், வீட்டு வண்டியாக இருந்த காலத்தில் மாறியது. தாத்தாவும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு தடவை என்ஜின் பிளாக் வெடித்துப் பட்டறையில் பல நாள் நின்றதை நினைவுகூர்ந்தார்கள்.

இது ஏன் முக்கியம் என்று தோழியர் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதிகள் வகுத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'வின்டேஜ்' என்று பதிவாகலாம். மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்து ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாமே தவிர, தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆனால் சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல், வண்டி பிறந்த வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

எங்கள் ஜீப்புக்கோ என்ஜின் வேறு, பின்தளமும் வேறு. இதைக் கேள்விப்பட்டு வந்த ஒருவர், "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? என்ஜின்ல இருக்க நம்பர ராவிட்டு, சட்டத்து நம்பரயே குத்திப்புடலாம். விலையும் ரெண்டு மடங்கு வரும்" என்றார். கேட்டவுடன் தாத்தாவின் முகம் மாறிவிட்டது. "எங்கய்யா பேருல உள்ள வண்டிக்கு நான் பொய்ச் சாட்சி சொல்லவா? எந்திரம் மாறிருக்குன்னா மாறிருக்குன்னு எழுதிக் குடுப்பேன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள்.

எண்ணை ராவுவது சட்டப்படி குற்றம். என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் புத்தகத்தில் பதிந்துகொள்வதே நேர்வழி. தொலைந்த ஆர்.சி. புத்தகத்துக்கு நகல் கேட்கவும் 26ஆம் எண் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் படிவத்தோடு எங்கள் பென்சில் படியும் சேர்ந்து போயிருக்கிறது என்பதில் எங்களுக்குப் பெருமையே. ஜீப் எடைக்குப் போகவில்லை என்பது அதைவிடப் பெருமை.

மற்ற ராணுவ வண்டிகள்

இதே முறையை எந்த ராணுவ வண்டிக்கும் கையாளலாம். ஜபல்பூரில் செய்த 'சக்திமான்' லாரி 1959 முதல் ஜெர்மானிய 'மான்' நிறுவனத்தின் உரிமத்தில் வந்தது. 'ஜோங்கா' ஜப்பானிய நிஸான் அமைப்பில் அதே ஊரில் செய்தது. ஜபல்பூர்த் தொழிற்சாலைகளின் ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்தே அதற்குப் பெயரிட்டார்கள். நம் ஆவடியில் 1965 முதல் 'விஜயந்தா' டாங்கிகள் செய்யப்பட்டன. அவற்றின் வடிவமைப்பு பிரிட்டிஷாருடையது. போர்க்காலத்தில் ஓடிய 'டாடாநகர்' கவச வண்டியின் அடிச்சட்டம் கனடாவிலிருந்து வந்தது. கவசமோ ஜாம்ஷெட்பூர் எஃகு. ஆக, ஒரே வண்டியில் இரண்டு மூன்று நாடுகள் இருப்பது ராணுவ வண்டிகளுக்கு இயல்பு. இந்திய சேனை வண்டிகளின் எண்பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும், அதையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். சாலையில் அத்தகைய வண்டியைக் கண்டால் கவனியுங்கள்.

1965ஆம் ஆண்டு போரில் கேம்கரன் அருகே, ஜீப்பில் பூட்டிய பீரங்கியைக் கொண்டே எதிரியின் பாட்டன் டாங்கிகளை உடைத்து உயிர்நீத்த அப்துல் ஹமீது பரம வீர சக்ரம் பெற்றார். கோட்டை போன்ற டாங்கியின் முன்னால் திறந்த ஜீப் ஒன்று எம்மாத்திரம்! வண்டியின் பெருமை அதில் அமர்ந்தவரின் உள்ளத்தில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

தோழியரே! ஒரு பொருளின் வரலாற்றைத் தேடுகிறவர் முதலில் பெயரை நம்பக் கூடாது, பெயின்டை நம்பக் கூடாது, ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பியும் முடிவு சொல்லக் கூடாது. சட்டம், என்ஜின், தகடு, காகிதம், பெரியவர்களின் நினைவு ஆகிய ஐந்தையும் தனித்தனியே கேட்டு, அவை ஒத்துப்போகும் இடத்தில் மட்டுமே 'ஆம்' என்று எழுத வேண்டும். ஒத்துப்போகாத இடத்தை மறைக்காமல் எழுதினால், எங்கள் ஜீப்பின் என்ஜினைப் போல அதுவே மற்றொரு கதையைச் சொல்லும்.

காகிதம் தண்ணீரில் கரையும் என்பதை வெள்ளம் நமக்குக் காட்டிவிட்டது. ஆகையால் வீட்டிலுள்ள வண்டி, தையல் மிஷின், பம்புசெட், கடிகாரம் ஆகியவற்றின் எண்களை இன்றே ஒரு நோட்டில் எழுதி, மேல் அலமாரியில் வையுங்கள். அவற்றை வாங்கியவர் யார், எந்த ஆண்டு, என்ன விலை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்து எழுதுங்கள். நமக்குப் பின் வருகிறவர்களுக்கு அந்த நோட்டு பெரும் உதவியாக இருக்கும்.